பதில் வரும்வரை இறங்காதே!

"ஐயோ... அக்கா!"

போனில் அவள் கேட்ட தம்பியின் கடைசி அலறல் அது. போன வருடம், இங்கே வேலை செய்தபோது, இரும்புத் தகடுகளை அழுத்தும் இதே பிரஸ் மெஷினுக்கு அடியில் நசுங்கிச் செத்தான்.

பழிவாங்கவே இந்தத் தொழிற்சாலையில் இன்ஜினீயராகச் சேர்ந்தாள். இன்று எதிரே மேனேஜர். பக்கத்தில் அவள் கூட்டி வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர்.



"எத்தனை தடவைம்மா சொல்றது?" மேனேஜர் சலித்துக்கொண்டார். "பிரஸ்ஸைச் சுத்தி வேலி, அதுல ஒரு கேட். கேட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர், பிரஸ்ஸுக்கு ஒரு கம்ப்யூட்டர். ஆள் உள்ள போனா கேட் சொல்லும். அந்தச் செய்தி பிரஸ்ஸுக்குப் போய்ச் சேர லேட்டாகும். அதனால, 'உள்ள யாருமில்ல'ன்னு கேட்கிட்டேருந்து பதில் வராம பிரஸ் இறங்கவே இறங்காது! உன் தம்பி ஒரு அவசரக்குடுக்கை. கேட்டுக்குத் தெரியாம வேலியேறிக் குதிச்சிருக்கான்."

"விசாரணையிலயும் இதையேதான் சொன்னீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சத்தியம் பண்ணியே சொன்னேன் சார்!"

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி வேலிக்கு மேலே வீசினாள். அது உருண்டுபோய் பிரஸ்ஸுக்கு அடியில் நின்றது.

"கேட் வழியா போய் எடுத்துட்டு வாங்க சார்."

"எ... எதுக்கு?"

"சும்மாதான். நீங்க உள்ள போனதும் பிரஸ்ஸை இறக்குற பச்சை பட்டனை நான் அழுத்துறேன்."

மேனேஜரின் முகம் வெளிறியது.

"பைத்தியமா உனக்கு? செய்தி வர்றதுக்குள்ள இறங்கிடும்டி!"

"எப்படி சார் இறங்கும்? பதிலுக்குக் காத்திருக்குமே!"



இன்ஸ்பெக்டர் நெருங்கினார். "காத்திருக்காதுன்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"அது... உற்பத்தி வேகமா நடக்கணும்னு... காத்திருக்கிற கட்டளையை நான்தான் எடுத்தேன். இவ தம்பி அதைக் கண்டுபிடிச்சுட்டான் சார்... வெளிய சொல்லிடுவேன்னு மிரட்டினான்..."

"அதனால உள்ள அனுப்பிட்டு பட்டனை அழுத்தினீங்க!"

மேனேஜர் தலைகுனிந்தார்.

அவள் விறுவிறுவென்று கேட்டுக்குள் நுழைந்து, பிரஸ்ஸுக்கு அடியில் போய் நின்றாள்.

"இப்ப அழுத்துங்க இன்ஸ்பெக்டர்!"

"அம்மா, வேணாம்..."

"அழுத்துங்க சார்!"

அழுத்தினார். மேனேஜர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

மெஷின் உறுமியது...

அசையவில்லை!

அவள் ஹெல்மெட்டோடு வெளியே வந்தாள்.

"நீங்க எடுத்த கட்டளையைக் காலையிலேயே திரும்பப் போட்டுட்டேன். தைரியமா உள்ள போயிருந்தா தப்பிச்சிருப்பீங்க!"

விலங்கு பூட்டப்பட்டது. மேனேஜர் முறைத்தார். "கேஸ் முடிய பல வருஷம் ஆகும்டி!"

அவள் சிரித்தாள்.

"ஆகட்டும் சார். பதில் வர்ற வரைக்கும் காத்திருக்க இந்த மெஷினுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்!"