தறியில் கட்டிய வைக்கோல் செருப்பு

கால் நுழைத்ததுமே ஒக்பூனுக்குத் தெரிந்தது, செருப்பு வெதுவெதுப்பாக இருந்தது.

தறிக் கயிற்றில் தொங்கும் ஒற்றை வைக்கோல் செருப்பு. காலால் பின்னே இழுத்தால் பாவு நூல்கள் இரண்டாகப் பிரிந்து திறக்கும், விட்டால் மூடும். ஓரகத்தி சுன்தொக் தன்னைத் தறியோடு பிணைத்த இடுப்புப் பட்டையை அவிழ்க்காமலேயே இந்தத் தறியில் சாய்ந்து செத்தபின் யாரும் அதில் கால் வைக்கவில்லை. வெயில் பட்டிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் ராமிச் செடியின் நார் நூல் காய்ந்தால் அறுந்துபோகும் என்று கோடை முழுக்கக் கதவடைத்த அறை அது.

சுன்தொக்குக்காக அவள் இன்னும் அழவில்லை. நாரைப் பல்லால் பிளந்து பிளந்து உதடு மரத்துப்போனதுபோல உள்ளேயும் மரத்துக் கிடந்தது.

காலையிலேயே பக்கத்து வீட்டு பில்லே எச்சரித்திருந்தாள். "செத்தவ பாவு நூலை அறுத்துப் போட்டுட்டுப் புதுசா ஏத்துடி. உன் எச்சிலத் தொட்டு அவ நூல்ல முடிச்சுப் போடாத."

"புதுசுன்னா இன்னொரு கோடை ஆகும்க்கா. இத முடிச்சுட்டு அம்மா வீட்டுக்கே போயிடுன்னு மாமியார் சொல்லிட்டாங்க. புருஷனும் இல்லாத வீட்ல எனக்கு என்ன வேலை?"

அறுந்த இழையை எச்சில் தொட்டு முடிச்சுப் போட்டாள். பட்டையை இடுப்பில் இறுக்கி உட்கார்ந்தாள்.

நூலுக்குப் பூசிய சோயாக் கஞ்சியும் ஈர நாரும் புழுங்கும் வாடையில் செருப்பை இழுத்து, ஊடு நூல் சுற்றிய நாடாவை எறிந்து, அச்சை அடித்து, மறுபடி இழுத்து, வியர்வை கண்ணில் வழிய வெகுநேரம் நெய்தாள். பிறகு துணியைத் தடவிப் பார்த்தாள். நெய்யும் கை மாறினால் ராமித் துணியில் கோடு விழும். எவ்வளவு தேர்ந்த கையானாலும் விழும்.

கோடே இல்லை.

எவ்வளவு மிச்சம் என்று எட்டிப் பார்த்தாள். காலையில் மெலிந்திருந்த, நெய்ய நெய்ய இன்னும் மெலிய வேண்டிய பாவுச்சுருள் இப்போது தடித்திருந்தது.

பயம் அப்போதுதான் வந்தது. பட்டையின் முடிச்சைத் தேடினாள். விரலுக்கு அகப்படவில்லை. பட்டை இன்னும் கொஞ்சம் இறுகியது.

வெளியே பில்லேயின் குரல். "அடியே, அசத்துறியே! தறிச் சத்தத்தக் கண்ண மூடிக் கேட்டா சுன்தொக்கேதான்!"

கத்த நினைத்தாள். உதடு அசையவில்லை. செருப்பிலிருந்து காலை உருவிக்கொள்ளக் குனிந்தாள்.

அவளுடைய இரண்டு கால்களும் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் மடங்கிக் கிடந்தன. வெறுங்கால்கள்.

செருப்பு பின்னால் போனது. முன்னால் வந்தது. மறுபடி பின்னால் போய் அங்கேயே நின்றது.

பாவு திறந்து காத்திருந்தது.

ஒக்பூனின் கை நாடாவை எறிந்தது.