வலப்பக்கத்து வாசல்

கவிஞர் துப்பறிவாளரின் மேசைமேல் இரண்டு பொருள்களை வைத்தார். ஒன்று அவர் கைப்பட எழுதிய நாடக வரலாறு, முப்பது வருட உழைப்பு. மற்றது போன வாரம் வெளிவந்த புத்தகம். உள்ளே ஏறக்குறைய வரிக்கு வரி அதேதான். அட்டையில் மட்டும் ஒரு பேராசிரியரின் பெயர்.

“என் மாணவன்தான் சார் கொடுத்திருக்கான். பெத்த பிள்ளை மாதிரி வச்சிருந்தேன், முதுகுல குத்திட்டான். நாளைக்குப் போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறேன். ஆதாரம் வேணும்.”

“இதை வச்சிருந்த அலமாரிச் சாவி யார்கிட்ட?” என்றார் துப்பறிவாளர்.

“அவன்கிட்ட ஒண்ணு, வீட்டுல ஒண்ணு. என் மனைவிக்கு இதெல்லாம் தெரியாது. எந்த நாடகம்னாலும் என்னோட வந்து முன்வரிசைல உட்காருவா, அவ்வளவுதான்.”

அவர் போனதும் உதவியாளர் துள்ளி எழுந்தார். அந்தப் பெண்மணிக்கு அலுவலகத்தில் ‘அவசரம்’ என்றே பெயர். “மாணவன்தான் சார்! அவனும் பேராசிரியரும் ஒரே குழுவுல நடிச்சவங்க.”

“நடிச்சவங்கன்றதுதான் இடிக்குது. கையெழுத்துப் பிரதியில நாயகி வலப்பக்க வாசல்ல வர்றா. புத்தகத்துல இடப்பக்கம். பதினேழு நாடகத்துல இப்படி.”

“அச்சகத்துல மாத்தியிருப்பாங்க.”

“அப்போ எல்லா நாடகத்துலயும்ல மாறியிருக்கணும்? பழைய நாடகம் ஒண்ணுலகூட கை வைக்கல.”

மறுநாள் காலை, பழைய நாடக நோட்டீசுகள் ஒட்டிய கவிஞரின் அறையில் அவரும் மனைவியும் மாணவனும் இருந்தார்கள். மாணவனை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

“மேடையில நிக்கற நடிகருக்கு எது வலமோ, அதையே வலம்னு எழுதறது நாடகக்காரங்க வழக்கம்,” என்றார் துப்பறிவாளர். “முன்வரிசைல இருந்து பார்க்கறவங்களுக்கு அது இடம். இந்தத் தம்பியோ பேராசிரியரோ அதைத் திருத்தவே மாட்டாங்க. நகல் எடுத்தவங்க மேடை ஏறாதவங்க. ஆனா அந்த நாடகங்களை நேர்ல பார்த்தவங்க. சார், உங்களுக்குக் கல்யாணமாகி எத்தனை வருஷம்?”

“இருபத்தாறு. அதுக்கென்ன?”

“திருத்தம் தொடங்கறதும் சரியா அந்த வருஷத்து நாடகத்துலதான்.”

கவிஞர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மாள் தலை குனியவில்லை.

“தப்புன்னு நினைச்சுத் திருத்தினேன். உங்க தப்பையெல்லாம் திருத்தறது எனக்குப் புதுசா? நடிகைங்க உங்ககிட்ட வாயே திறக்கல. அவங்க வீட்டு அடுப்படியில உட்கார்ந்து, அழுததையெல்லாம் கேட்டு எழுதிட்டு வந்தது நான். பாதிப் புத்தகம் அது. நன்றின்னு ஒரு வரி கேட்டேன். வீட்டு மனுஷிக்கு எதுக்கு நன்றின்னு சிரிச்சீங்க. பேராசிரியர், நகலைக் கொடுத்தா நன்றிப் பக்கத்துல என் பேரைப் போடறேன்னார்.”

மாணவன் செய்திருந்தால் கவிஞர் திட்டித் தீர்த்திருப்பார். இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் இருந்தவளை என்ன சொல்லித் திட்டுவது? மாணவன் முகத்தையும் அவரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

“வர்றேன் ஐயா,” என்று சொல்லிவிட்டு அவன் தன் சாவியை மேசைமேல் வைத்துப் போய்விட்டான்.

“அச்சான புத்தகத்தைப் பார்த்தீங்களாம்மா?” என்றார் துப்பறிவாளர்.

“எங்கே? இவர்தான் கண்ணுலயே காட்டலையே.”

துப்பறிவாளர் நன்றிப் பக்கத்தைப் பிரித்து நீட்டினார். அச்சகத்தார் முதல் அட்டை ஓவியர்வரை நாற்பது பெயர்கள். அம்மாளின் விரல் கடைசிவரை இறங்கியது. மறுபடி மேலே போனது.

“சின்ன எழுத்தா இருக்கு,” என்றார். “கண்ணாடியை எடுத்துட்டு வர்றேன்.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, முதல் பெயரிலிருந்து ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினார்.