கோசு நாற்றம் நிற்கும் வரை

காலை ஆறு மணிக்குச் சுவர்த்திரையில் பட்டியல் வந்தது. எங்கள் வட்டத்தில் இன்று நாற்பத்தொரு பேருக்கு மருந்து செய்ய வேண்டும். அதில் எட்டுப் பேருக்கு வலிப்பு மருந்து. கையுறையை மாட்டிக்கொண்டு, அலமாரியின் அடித்தட்டில் இருந்த பழைய ஜாடியை எடுத்தேன்.

பர்வீன் அக்கா மாத்திரை அச்சைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஜாடியைப் பார்த்ததும் கை நின்றது.

"அருளு, அது பழசு."

"தெரியும்க்கா."

"தெரு பூரா நாறும். கோதண்டம் அண்ணன் வந்து நிப்பாரு."

"நிக்கட்டும்."

 அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்தாள்.

பல்லேடியம் தீர்ந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. மூலக்கூறுகளை இணைக்க அந்த உலோகத்தை நம்பியிருந்த பெரிய மருந்து ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. மணலியில் மிஞ்சியது எண்ணெய்க் காலம் விட்டுப்போன கந்தகக் குன்று. எங்கள் உப்புகள் அதிலிருந்து வருகின்றன. கந்தக உப்பு, மூலக்கூறின் ஒரு துண்டைச் சுமந்து வரும். நீல ஒளி பட்டால் அதை இறக்கி, இன்னொரு மூலக்கூறோடு சேர்க்கும். உலோகம் தேவையில்லை. அதனால்தான் வட்டத்துக்கு ஒரு சேர்மக்கூடம். அன்றைய மருந்தை அன்றே செய்து, அன்றே கொடுக்கிறோம்.

பழைய உப்பு சுமையை இறக்கியதும், மிஞ்சிய கந்தகம் ஆவியாகிப் போகும். அழுகிய முட்டைக்கோசு நாற்றம். பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு பழக்கம் வந்துவிடும். வினை நடக்கும் கலத்தின் வெளிக்குழாயில் மூக்கை வைப்போம். நாறினால் வினை நடக்கிறது. நாற்றம் நின்றால் முடிந்தது.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் தெருக்காரர்கள் மனு எழுதினார்கள். முதல் கையெழுத்து என் மனைவி செலினுடையது. நான் வேலை முடிந்து வந்தால் வாசலிலேயே சட்டையைக் கழற்ற வேண்டும். "கோசு மூட்டை வந்துடுச்சு, அங்கயே நில்லு" என்பாள். மனுவை வட்டத் தலைவர் கோதண்டத்திடம் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான். ஒரே மாதத்தில் புதிய உப்பு வந்தது. அதன் மிச்சம் வெள்ளைப் பொடியாக அடியில் தங்கிவிடும். வாசனையே கிடையாது.

உப்பு மாறியது. மூக்கு மாறவில்லை.

சென்ற தை மாதம் ஒருநாள் நீல விளக்கு பழுதாகியிருந்தது. எனக்குத் தெரியாது. நேரங்காட்டி ஒலித்தது. பழக்கத்தில் குழாயில் மூக்கை வைத்தேன். நாற்றம் இல்லை. முடிந்தது என்று வால்வைத் திறந்தேன். நகரம் முழுவதற்கும் பகுப்பாய்வுக்கூடம் ஒன்றுதான். முடிவு மறுநாள் வந்தது. மாத்திரையில் இருந்த மருந்து முப்பத்தெட்டு சதவீதம். மீதி, வினையில் சேராத மூலப்பொருள். தீங்கில்லை, பயனுமில்லை.

செலின் அந்தப் பட்டியலில் இருந்தாள். முடிவு வருவதற்கு முந்தின நாள் மாலையே, படகுத்துறையில், அவளுக்கு வலிப்பு வந்தது. நிற்காமலே உயிர் போனது.

விசாரணையில் விளக்கைக் குறை சொன்னார்கள். நான் மூக்கைப் பற்றிச் சொன்னேன். எழுதிக்கொள்ளவில்லை.

இன்று பழைய உப்பைக் கலத்தில் கொட்டி விளக்கைப் போட்டேன். பத்தே நிமிடத்தில் கோதண்டம் வந்துவிட்டார். துண்டால் மூக்கைப் பொத்தியிருந்தார்.

"இன்னாப்பா அருளு இது? வூட்ல இட்லிய வாயில வைக்க முடியல!"

"வலிப்பு மருந்துண்ணே. பழைய உப்புல பண்றேன்."

"யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்கல."

"உன் பொண்டாட்டியே கையெழுத்து போட்ட மனுப்பா அது."

பர்வீன் அக்கா அச்சை மேசையில் சத்தமாக வைத்தாள்.

"மொதக் கையெழுத்து," என்றேன். "தெரியும்ணே."

அவர் குரல் இறங்கியது. "உன் கஷ்டம் புரியுது. ஆனா நான் மேல எழுதித்தான் ஆகணும். உன் உரிமம் போயிடும்."

"எழுதுங்க. இது முடியட்டும்."

அவர் போகவில்லை. நான் கலத்தை விட்டு நகரமாட்டேன் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். நாற்பதாவது நிமிடம் நேரங்காட்டி ஒலித்தது.

"முடிஞ்சிச்சில்ல? மூடு, மூடு."

"குழாயில மூக்க வைங்க."

"எனக்கு வேற வேல இல்ல?"

"வைங்கண்ணே."

வைத்தார். கண்ணில் நீர் வர, நாலடி பின்னால் போனார். "சீ! நாறுதே!"

"அப்போ முடியல."

"மணி அடிச்சிச்சே?"

"அடிச்சிச்சு."

விளக்கின் உறையைக் கழற்றினேன். ஆறு பட்டைகளில் இரண்டு இருண்டிருந்தன. மூன்று நாள் முன்புதான் மாற்றினேன். கடல் தெருமுனை வரை வந்துவிட்ட ஊர். உப்புக்காற்றில் அவை இப்படித்தான் சொல்லாமல் போகும். மாற்றுப் பட்டைகளைப் பொருத்திவிட்டு விளக்கை மறுபடி போட்டேன்.

கோதண்டம் துண்டை இறக்கினார். "புது உப்பா இருந்தா?"

"இந்நேரம் அக்கா மாத்திரை அடிச்சிருப்பாங்க."

அவர் சுவர்த்திரையைப் பார்த்தார். எட்டுப் பெயர்களையும் உதடசைத்துப் படித்தார். எல்லோரும் அவருக்குத் தெரிந்தவர்கள். பிறகு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"டீ குடிக்கிறீங்களாண்ணே?" என்றாள் பர்வீன் அக்கா.

"இந்த நாத்தத்துலயா? சும்மா இரும்மா."

இரண்டு முறை அவராகவே எழுந்து போய்க் குழாயை முகர்ந்தார். மூன்றாம் முறை திரும்பிப் பார்த்தார்.

"நின்னுடுச்சுப்பா."

நானும் முகர்ந்தேன். இன்னும் ஐந்து நிமிடம் விட்டேன். அதன் பிறகுதான் வால்வைத் திறந்தேன். மொத்தம் அறுபத்தாறு நிமிடம்.

கோதண்டம் வாசலில் நின்றார். "எழுதத்தான் போறேன். மணி அடிச்சப்புறம் இருபத்தோரு நிமிஷம் நாறுச்சுன்னும் எழுதுறேன். மேல இருக்கறவன் இன்னா சொல்லுவான்னு தெரியாது."

"நாளைக்கும் இதே உப்புதான்ணே."

"அது தெரியுது. தெருவுல கேட்டா இன்னா சொல்றது?"

"நாறுற வரைக்கும் வராதீங்க, நின்னதும் வாங்கன்னு சொல்லுங்க."

மாலையில் மருந்து வாங்க வந்தவர்களில் முதல் பெண், மாத்திரைப் பொட்டலத்தைக் கையில் வாங்காமல் கேட்டாள். "நல்லா நின்னுச்சில்ல?"

"நின்னுச்சும்மா," என்றாள் பர்வீன் அக்கா. அதற்குப் பிறகுதான் அந்தப் பெண் கையை நீட்டினாள்.

வீட்டு வாசலில் நின்றேன். கை தானாகச் சட்டைப் பொத்தானுக்குப் போனது. இரண்டு பொத்தான்கள் கழன்றுவிட்டன.  உள்ளிருந்து "அங்கயே நில்லு" என்று சொல்ல யாரும் இல்லை.

பொத்தான்களைத் திரும்பப் போட்டேன். சட்டையோடு உள்ளே போனேன்.