கட் ஆகாத லைன்

அன்றும் சரியாக ஏழே காலுக்கு அவள் திரை உறைந்து நின்றது. ஆனால் மோடத்தின் பச்சை விளக்கு அணையவே இல்லை.

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்றபடி லென்ஸ் தேய்த்துவிட்டு வருகிறவளுக்கு, வெளியூரில் தனியாக இருக்கும் தங்கையோடு ஹெட்போனில் வம்பளந்துகொண்டே கோட்டையைக் காக்கிற அந்த ஆன்லைன் ஆட்டம்தான் ஒரே ஆறுதல். அதிலும் மண் விழுந்தால் எப்படி? மோடத்தை அணைத்துப் போட்டாள். வைஃபையை விட்டுவிட்டுக் கேபிளை நேராக மாட்டினாள். ஹெட்போனில் ஈரத்துணியை இழுப்பதுபோல் ஓர் ஒலி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

பதினோரு நிமிடம் கழித்து ஆட்டம் திரும்பியது.

"சாரிடி, கட் ஆயிடுச்சு."

"எங்க கட் ஆச்சு? இவ்வளவு நேரம் பேசிட்டுதானே இருந்தே! என் வீடு எத்தனாவது மாடின்னுகூடக் கேட்டியே."

போன மாதம் தங்கையின் சாமான்களை அந்த மூன்றாவது மாடிக்குத் தூக்கி ஏற்றியதே அவள்தான். அவள் ஏன் கேட்கப்போகிறாள்? தங்கை கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்து மழுப்பினாள். ராத்திரி முழுக்கப் புரண்டு புரண்டு படுத்தாள்.

மறுநாள் லைன் பார்க்க வந்தவர் வயரைச் சோதித்தார், மடிக்கணினியைத் தட்டினார், தலையைச் சொறிந்தார்.

"ஒரு வாரமா லைன் ஒரு தடவைகூடக் கட் ஆகலையே மேடம். நேத்து ஏழே காலுக்கும் நீங்க ஆடிட்டுதான் இருந்திருக்கீங்க."

"நானா?"

"எல்லாம் உங்க லைன்லேர்ந்துதான் போயிருக்கு. எதுக்கும் பாஸ்வேர்டை மாத்திடுங்க."

மாற்றினாள். 'இன்னிக்கு ஆட வேண்டாம்' என்று தங்கைக்குச் செய்தி அனுப்பினாள். பதில் இல்லை. ஏழு மணிக்கு மோடத்தின் பிளக்கையே பிடுங்கிப் போட்டுவிட்டு, அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள். ஏழே கால் ஆனது. பொறுக்க முடியாமல் போன் போட்டாள்.

தங்கை சிரித்தபடி எடுத்தாள். பின்னால் ஆட்டத்தின் முரசுச் சத்தம்.

"ஹெட்போன்ல பேசிட்டே எதுக்குக்கா போனும் பண்றே?"

அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"ஹெட்போனைக் கழட்டு. அது நான் இல்லைடி."

முரசு நின்றது. அங்கே அழைப்பு மணி அடித்தது.

"அக்கா... கீழே வந்துட்டேன், மேல வரேன்னு இப்பதானே சொன்னே?"

"திறக்காதே!"

மறுபடி மணி. கதவுக்கு வெளியே ஒரு குரல். அவள் குரல். அதே செல்லம், அதே அவசரம்.

"திறடி, நான்தான்."

தங்கை போனில் கிசுகிசுத்தாள்.

"அப்போ... போன்ல பேசற நீ யாரு?"

"அய்யோ, நான்தான்டி! திறக்கா—"

தாழ்ப்பாள் விலகியது.

ஈரத்துணியை இழுப்பதுபோல் ஓர் ஒலி. மெதுவாக. தரையோடு. அப்புறம் எதுவும் இல்லை. யாரோ போனைத் தரையிலிருந்து எடுத்தார்கள்.

"ஹலோ," என்றது அவளுடைய சொந்தக் குரல். "யாரு பேசறது?"