எலி கடித்த பாலம்

அட்டைப் பாலத்தை வைத்ததும் தராசின் முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது.

"எடை அதிகம்" என்றார் அறிவியல் டீச்சர். "மணி அடிக்கறதுக்குள்ள குறைச்சுட்டு வாங்க. இல்லேன்னா இந்தப் பாலம் போட்டியில இல்ல."

சுண்டெலி பாலத்தைத் தராசிலிருந்து தூக்கினாள். வகுப்பிலேயே மிகச் சிறியவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். அவளுடைய கூட்டாளி, ஓயாமல் சத்தம் போடுவதால் டமாரம் என்று பெயர் வாங்கியவன், தலையைக் குனிந்தான்.

"நான்தான் உடையக் கூடாதுன்னு இன்னொரு அட்டை ஒட்டினேன்" என்று மெல்லச் சொன்னான். அவன் கண் கலங்கியது.

"அழாதடா. அட்டை நனைஞ்சா இன்னும் கனக்கும்."

அவன் கத்தரிக்கோலை எடுத்தான். "நடுவுல வெட்டட்டுமா?"

"நில்லு! தப்பான இடத்துல வெட்டினா எல்லாம் போச்சு."

எது வேண்டாத இடம்? சுண்டெலியின் அம்மா பாலம் வடிவமைக்கும் பொறியாளர். அவருடைய கணினித் திரையில், சுமையில் பங்கெடுக்காத இடங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து, பாலத்தின் முழுப் பக்கச்சுவர் ஒன்று கிளைகிளையாக மாறுவதை அவள் பார்த்திருக்கிறாள். இங்கே கணினிக்கு எங்கே போவது?

கரும்பலகை துடைக்கும் ஸ்பாஞ்ச் கண்ணில் பட்டது. ஓடிப்போய் எடுத்து, அதன் பக்கவாட்டில் பேனாவால் கட்டங்கள் வரைந்தாள். இரண்டு ரப்பர்களின் மேல் அதைப் பாலம்போல் வைத்தாள்.

"நடுவுல அழுத்து."

டமாரம் அழுத்தினான். சில கட்டங்கள் நசுங்கின. சில இழுபட்டன. சில அசையவே இல்லை.

"பார்த்தியா? கோணலாகறது எல்லாம் வேலை செய்யுது. மத்தது சும்மா உக்காந்திருக்கு."

"கணக்கு வகுப்புல என்னை மாதிரி!"

சும்மா இருந்த கட்டங்களை வெட்டினார்கள். மறுபடி அழுத்தினார்கள். மறுபடி வெட்டினார்கள். பிறகு அதே இடங்களில் அட்டைப் பாலத்திலும் ஓட்டை போட்டார்கள்.

பாலத்தைத் தராசில் வைக்கவும் மணி அடித்தது. முள் கோட்டைத் தொட்டு நின்றது. தாண்டவில்லை!

"எலி கடிச்ச பாலம்டோய்!" என்று பக்கத்து மேசைப் பையன் சிரித்தான். அவனுடைய பாலம், முன்பே சுமை ஏற்றிப் பார்த்தபோது, இரண்டாவது செங்கல்லிலேயே மடிந்திருந்தது.

டீச்சர் செங்கற்களை ஒவ்வொன்றாக ஏற்றினார். பாலம் தாங்கியது. கடைசிக் கல்லை வைத்ததும் 'கிரீச்' என்று ஒரு சத்தம். டமாரம் கண்களை இறுக மூடிக்கொண்டான்.

டீச்சர் மெதுவாகக் கையை எடுத்தார்.

பாலம் நின்றது.

கைதட்டல் ஓய்ந்ததும் பக்கத்து மேசைப் பையன் குனிந்து, ஒரு ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தான். "எங்க வெட்டணும்னு எப்படித் தெரிஞ்சுது?"

சுண்டெலி நகர்ந்து பெஞ்சில் இடம் விட்டாள்.

"உக்காரு. உன் பாலம் எங்க மடிஞ்சுதுன்னு முதல்ல பார்க்கலாம்."