சிறுநீர்ப்பையில் குடித்தனம்

மழைக்கு ஒதுங்க வந்தவள் என்றுதான் லேப்காரர் நினைத்தார்... அவள் சண்டைக்கு வந்திருந்தாள்.

"இந்த ரிப்போர்ட்ல கையெழுத்து போட்ட புண்ணியவான் யாரு?"

நனைந்த இமைகளுக்குள் இரண்டு கண்கள்... அந்த அனலுக்கு, வெளியே மழையே ஒரு நிமிடம் நின்றது. நம்பாதவர்கள் எதிர்க்கடை டெய்லரைக் கேட்கலாம்.

"நான்தான்."

"கிருமி இல்லைன்னு எழுதியிருக்கீங்க. அப்ப எரியறது என்ன, என் கற்பனையா?"

அவள் கட்டட வேலையில் கிரேன் ஓட்டுபவள். உச்சிக் கூண்டில் ஏறினால் சாயங்காலம்தான் இறக்கம். கீழேயும் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. அடக்கி அடக்கி நீர்க்கடுப்பு. மாத்திரை தின்றால் போகும், மறுபடி வரும். ரிப்போர்ட்டைப் பார்த்த சூப்பர்வைசர், "நடிக்கிறே. இன்னொரு லீவு கேட்டா வேற ஆளைப் போட்டுடுவேன்" என்றுவிட்டான்.

"கிருமி வளர்த்துப் பார்க்கிற என் தட்டுல எதுவும் வளரலைங்க. வளர்ந்தாதானே எழுத முடியும்?" அவருக்கும் ரோஷம்.

"நல்லா இருங்க... நீங்களும் உங்க தட்டும்." திரும்பி நடந்தாள். அந்தத் திரும்பலில் மனிதருக்கு என்னவோ ஆகிவிட்டது.

"நில்லுங்க... இன்னொரு சாம்பிள் கொடுத்துட்டுப் போங்க."

காதலி தந்த முதல் பரிசை இத்தனை பயபக்தியோடு சாயமேற்றிப் பார்த்தவர் உலகத்தில் இவர் ஒருவர்தான். இம்முறை, சிறுநீரில் உதிர்ந்து வந்த சிறுநீர்ப்பை செல்களையே மைக்ரோஸ்கோப்பில் வைத்தார். மறுநாள் அவளையும் பார்க்கச் சொன்னார். குனிந்தாள்... கூந்தல் அவர் கைமேல் விழுந்தது. அவர் கையை எடுக்கவில்லை.

"என்ன இது, மூட்டைக்குள்ள அரிசி மாதிரி?"

"கிருமிங்க. கொக்கி மாதிரி ஒண்ணால செல்லைப் பிடிச்சுக்கும். செல்லே அதை உள்ளே இழுத்துக்கும். உள்ளே போய்ப் பெருகும்... மருந்து சரியா எட்டாது. வெளியே சிறுநீர்ல தேடினா சிக்காது. ஒருநாள் செல்லை உடைச்சுக்கிட்டு வரும்."

"என் உடம்புல என்னைக் கேட்காம குடித்தனமா?"

"எனக்கும் கோபம்தாங்க. என்னைப் பொய்யனாக்கிடுச்சு."

"நீங்க என்னைப் பொய்க்காரி ஆக்கினீங்களே, அது?"

லேப்காரர் மைக்ரோஸ்கோப் விளக்கை அணைத்தார். எழுதியதை மாற்றிச் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு அவளோடு கிளம்பிவிட்டார்.

வேலையாட்கள் அத்தனை பேர் முன்னாலும் சூப்பர்வைசரிடம் சொன்னார்: "நான் எழுதினது தப்பு. இவங்க நோய் நிஜம். டாக்டர் மருந்தை மாத்தற வரைக்கும் லீவு கொடுங்க. முதல்ல ஒரு கழிப்பறை கட்டுங்க. வெட்கமா இல்லையா உங்களுக்கு?"

"இவளுக்கு நீங்க யாரு சார்?"

லேப்காரர் அவளைப் பார்த்தார்.

"கேட்கிறாரில்ல... சொல்லுங்க," என்றாள் அவள். "எனக்கும் தெரியணும்."

"இவங்களைப் பிடிச்சுப்போனவன்..." என்றார், காற்றுக்கே கேட்காத குரலில்.

அவள் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினாள். "லீவு?"

"எடுத்துக்கோ."

"கழிப்பறை?"

"கட்டிடலாம்மா..."

"எந்தக் கிழமை?"

அவன் கிழமை சொன்ன பிறகுதான் அவரிடம் வந்தாள். "இப்ப சொல்லுங்க. சத்தத்துல சரியா கேட்கலை."

அவளுக்குக் கேட்டிருந்தது. ஆனாலும் சொன்னார்... இம்முறை நிமிர்ந்து: "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

"எனக்கும்தான்," என்றாள், இன்னும் கோபம் ஆறாமல்.