அப்பளக் கோபுரத்தில் நின்றவன்

நினைவு கொடுத்துவிட்டு வருகிறவர்களுக்கு நினைவுதான மையத்தின் வாசலில் மாம்பழச்சாறும் இரண்டு பிஸ்கட்டும் தருவார்கள். அல்லி பிஸ்கட்டைத் தின்றுகொண்டே வீட்டுக்குள் வந்தாள். சாற்றைக் கணவன் சபேசனிடம் நீட்டினாள்.

"எந்த நினைவைக் குடுத்த?"

"தெரிஞ்சா அது இன்னும் எங்கிட்டயே இருக்குன்னு அர்த்தம். இருக்கறதுலயே சந்தோஷமானது எதுவோ அதை எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டேன். எனக்குள்ள பூட்டி வச்சு என்ன பண்ணப் போறேன்? நாலு பேர் அனுபவிக்கட்டுமே."

அவள் குணம் அப்படி. ரத்தம் கொடுப்பதைப் போல ஊரே நினைவு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஆனால் ரத்தம் மறுபடி ஊறும், நினைவு ஊறாது. நினைவுவார்ப்பி என்ற இயந்திரம் ஒரு நினைவை உருவிவிட்டால் கொடுத்தவர் தலையில் சுவடுகூட மிஞ்சாது. வார்த்து வைத்த இடத்துக்குப் போனால்தான், கொடுத்தவரே ஆனாலும், அதைப் பார்க்க முடியும்.

சபேசன் அப்போது மரக்காணத்து உப்பளங்களை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த 'ஆனந்தவெளி' கேளிக்கைப் பூங்காவின் தலைமைப் பொறியாளன். எந்தப் பூங்காவுக்கும் நடுக்குறி ஒன்று வேண்டும். எங்கே நின்றாலும் அது கண்ணில் பட வேண்டும், தொலைந்துபோன குழந்தையும் அதைப் பார்த்தே வந்து சேர வேண்டும். மற்ற ஊர்களில் கோட்டையோ ராட்டினமோ வைத்துச் சமாளித்தார்கள். இங்கே நிஜமான ஒரு சந்தோஷத்தையே நடுவில் கட்டிவிடுவது என்று முடிவாகியிருந்தது. நாடெங்கும் கொடுத்த நினைவுகளைச் சலித்து, அவற்றில் ஒன்றை வார்ப்பி தேர்ந்தெடுத்தது. அதிலிருந்தே கோபுரத்தின் வடிவத்தையும் வரைந்தது. தேர்வானது அல்லியின் நினைவு.

வெள்ளை வெளேரென்று, காற்றில் புடைத்த பிரம்மாண்டமான வளைதகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வானத்துக்கு ஏறின. பாய்மரம் என்றது ஒரு பத்திரிகை. சிறகு என்றது இன்னொன்று. ஊர்க்காரர்கள் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்: அப்பளக் கோபுரம். சபேசனுக்கு மட்டும் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டியின் ஆகப்பெரிய சந்தோஷம் தன்னைத் தவிர வேறென்னவாக இருக்கும்? கல்யாண நாளாக இருக்கும், இல்லையென்றால் கொடைக்கானல் படகு.

வார்ப்பியை இயக்கும் ரெஜினாவிடம் சிரித்துக்கொண்டே கேட்டான். "உள்ள இருக்கறத சொல்லக் கூடாது சார். இடமும் வருஷமும் வேணா சொல்றேன். உங்க பல்லாவரம் வீடு. உங்களுக்குக் கல்யாணமான ரெண்டாவது வருஷம்."

அவன் சிரிப்பு அப்படியே நின்றது. அந்த வருஷம் முழுக்க அவன் மஸ்கட்டில் இருந்தான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மாடிப் போர்ஷன் ஜோயல், கிதார் வாசித்துக்கொண்டு திரிவானே, அவனா? அவளுடைய ஆபீஸ் நண்பனா? தகடு தகடாக உயர்ந்தது கோபுரம். எவனோ ஒருவனுக்குத் தன் கையாலேயே சிலை வைப்பதைப் போல வயிறு எரிந்தது. அல்லியிடம் கேட்டும் பயனில்லை. அவளிடம்தான் அது இல்லையே. ஆனாலும் கேட்டான், சுற்றி வளைத்து, நாலு விதமாக. "இதென்னப்பா போலீஸ் மாதிரி?" என்றாள்.

நினைவை அனுபவிக்க வைக்கும் உணர்வூட்டியைக் கோபுரத்துக்குள் பொருத்தியதும் சோதனை என்ற சாக்கில் முதல் ஆளாக உள்ளே போனான். பல்லாவரத்து மொட்டை மாடி. மழை விட்ட சாயங்காலம். கொடியில் வெள்ளைப் போர்வைகள் காற்றில் புடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர்த் தொட்டி மேல் கால்களைத் தொங்கவிட்டபடி அல்லி மாங்காயை மிளகாய்ப்பொடியில் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். அவள் மனசு இவன் மனசில் ஏறியது. அப்படியொரு நிறைவை அவன் பிறந்ததிலிருந்து கண்டதில்லை.

ஒவ்வொரு போர்வையாக விலக்கிப் பார்த்தான். தொட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். படிக்கட்டில் யாராவது ஏறி வருகிறார்களா என்று காத்திருந்தான். ஒருவரும் வரவில்லை. அவள் யாரையும் எதிர்பார்க்கவும் இல்லை.

ஆள் என்று ஒருவன் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மொட்டை மாடியோடு எப்படிச் சண்டை போடுவது? தான் இல்லாமலே அவள் நிறைந்திருந்தாள் என்பதை அவனால் தாங்கவே முடியவில்லை.

"ரெஜினா, பாக்கறவங்களுக்குத் தனியா இருக்கற மாதிரி பயம் வரும். ஒரு ஆளைச் சேர்த்திடுங்க. என்னையே வச்சிடுங்க, கைப்பிடிச் சுவர் ஓரமா."

"வேணாம் சார். மேடமுக்கு இனிமே இதுதான் அசல். கலந்துட்டா பிரிக்க முடியாது, பிரிச்சா மொத்தமும் அழிஞ்சிடும்."

"நான் அவ புருஷன்தானே? வேத்து ஆளா?"

ரெஜினா அவன் சொன்னபடியே சேர்த்தாள். அந்த நினைவில் பேச்சே கிடையாது என்பதால் சேர்த்த ஆளும் பேச வழியில்லை. நினைவுக்குள் இருந்த சபேசன் சுவரில் சாய்ந்து, போர்வைகளையும் அல்லியையும் பார்த்தபடி சும்மா நின்றான்.

திறப்பு விழாவன்று அல்லி கோபுரத்திலிருந்து கண் கலங்கி இறங்கி வந்தாள். "அன்னைக்கு நீயும் இருந்தியா? லீவுல வந்திருந்தியோ?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ம்" என்றான் சபேசன். ஊரையே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். திரும்பி வந்து, வீட்டில் உட்கார்ந்திருக்கிறவனை ஒரு மாதிரி பார்ப்பாள்.

"அங்க எவ்ளோ அழகா நிக்கற தெரியுமா? ஒரு வார்த்தை பேசல. எங்க போன, யாரு போன்ல, என்ன யோசிக்கறன்னு ஒண்ணும் கேக்கல. நான் நானா இருக்கறதைப் பாத்துட்டு சும்மா கூட இருக்க. அந்த ஆள் எங்கப்பா போனான்?"

அப்படி ஒருவன் இருந்ததே இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் அவளிடம் மிச்சமிருந்த அந்தச் சாயங்காலமும் பொய்யாகிவிடும். ஜோயல் மேல் வந்த பொறாமையெல்லாம் இதன் கால் தூசிக்குக் காணாது. தன் முகத்தையும் தன் சட்டையையும் போட்டுக்கொண்டு நிற்கிறவனை என்ன செய்வது?

இந்த ஞாயிறு அல்லி புதுப் புடவை கட்டி, கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றாள். சபேசனுக்குத் தாளவில்லை. "இரு, நானும் வரேன்" என்று எழுந்தான்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டே, கோபமே இல்லாமல் சொன்னாள்:

"வேணாம்ப்பா. நீ வந்தா, அவன்கூட இருக்கற மாதிரியே இருக்காது."